ஜாமீன் கேட்கும் வீட்டுக்காரரும் மூன்று மாணவிகளும்

கேள்வி: நாங்கள் மூன்று தோழிகள். ஊர் திருச்சி, மதுரை, நாகர்கோவில். சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் விடுதியைக் காலி செய்ய வேண்டும். எனக்கும் ஒரு தோழிக்கும் 19 வயது. இன்னொருத்திக்கு 18 நிறைய மூன்று மாதம் இருக்கிறது. மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு ஒன்று பிடித்திருக்கிறது. மாதம் 3,000 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ ஒருவர் ஜாமீன் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும், அதுபோக ஒரு மாத வைப்புத்தொகை என்கிறார் வீட்டுக்காரர். அப்பாவின் நண்பர் ஒருவர் தேக்காவில் கடை வைத்திருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஜாமீன் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்காரரின் ஏஜெண்ட், “ஒப்பந்தத்தையே மாமா பேரில் போட்டுவிடலாம், பிரச்சினை முடிந்தது” என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஏஜெண்ட் சொன்ன யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமா பேரில் ஒப்பந்தம் போடாதீர்கள். வீவக வீட்டின் வாடகைதாரர் என்று யார் பேர் பதிவாகிறதோ அவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். தான் எடுத்த வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி கிடையாது. மாமா தன் வீட்டில் இருந்துகொண்டு இங்கே கையெழுத்து மட்டும் போட்டால் அது கழகத்துக்குக் கொடுக்கும் பொய்த் தகவல். மாட்டிக்கொண்டால் வீட்டுக்காரருக்கும் சிக்கல், மாமாவுக்கும் சிக்கல், உங்களுக்குத் தங்க இடம் போய்விடும். இந்த யோசனையைச் சொன்னவர் வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜெண்ட் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே வாடகைப் பேச்சில் ஓர் ஏஜெண்ட் இரு தரப்புக்கும் சேர்ந்து வேலை செய்யக்கூடாது என்பது இங்கே விதி. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் உங்கள் நலனைப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

சரி, ஜாமீன் விஷயத்துக்கு வருவோம். வீடு வாடகைக்கு எடுக்க ஜாமீன்தாரர் வேண்டும் என்று சிங்கப்பூரில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொது வழக்கமும் அது இல்லை. இங்கே அந்த இடத்தை வைப்புத்தொகை எடுத்துக்கொள்கிறது. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஒரு மாத வாடகை, ஈராண்டு என்றால் இரண்டு மாத வாடகை என்பது நடைமுறை. அதற்கு மேல் கேட்பது வீட்டுக்காரரின் விருப்பம். கேட்க அவருக்கு உரிமை உண்டு, மாற்று யோசனை சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால், அவர் வைத்த இரண்டு கதவுகளில் ஒன்றில் நுழைந்தே ஆகவேண்டும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை.

அவர் இடத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். மாணவர் அட்டையில், அதாவது படிப்புக்காக இங்கே தங்க அரசு தரும் அனுமதியில் இருக்கும் மூன்று பேர். சம்பளம் கிடையாது. தனியார் கல்லூரி மாணவர்களில் பலருக்குப் பகுதிநேர வேலை செய்யவும் அனுமதி இல்லை, அது அவருக்கும் தெரிந்திருக்கும். நடுவில் படிப்பை விட்டுவிட்டு விமானம் ஏறினால் பாக்கி வாடகைக்குத் திருச்சிவரை வந்து யாரைக் கேட்பது? இந்தப் பயம் நியாயமானது. அவர் கேட்கும் ஜாமீனைக் கொடுக்க முடியாவிட்டாலும் அந்தப் பயத்துக்கு நீங்கள் வேறு விதமாகப் பதில் சொல்ல முடியும்.

பதில் சொன்ன பிறகும் அவர் புதிது புதிதாக நிபந்தனை அடுக்கிக்கொண்டே போனால், வீட்டை உங்களுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியர் வேண்டாம், சமைப்பவர் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எழுதிவிட வேதனையாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்துப் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கெஞ்சி ஒரு வருடம் காலம் தள்ளுவது உங்கள் படிப்பைத்தான் பாதிக்கும். சமையலைப் பற்றி இப்போதே வாய்விட்டுக் கேளுங்கள். ‘லைட் குக்கிங்’ என்று சொல்வதில் சாம்பாரும் தாளிப்பும் அடங்குமா என்பது குடிபுகுந்த பிறகு தெரிய வேண்டிய விஷயம் அல்ல.

ஆறு மாத முன்பணம் எனக்குக் கவலை தருகிறது. 18,000 வெள்ளி வாடகை, 3,000 வெள்ளி வைப்புத்தொகை, ஆக 21,000 வெள்ளி. தலைக்கு 7,000. வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் உங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் எளிய வழி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை அது எடுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் குறைவு. ஆனால் அங்கே 20,000 வெள்ளி வரைதான் கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. முதல் மாதமே ஏதாவது விபரீதம் நடந்தால் நீங்கள் கொடுத்த பணம் அந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது. அப்புறம் இன்னொன்று. மாதாமாதம் கொடுக்கும் வாடகைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் ஏர்கான் நின்றாலும் அடுத்த மாத வாடகையை எதிர்பார்க்கும் வீட்டுக்காரர் போனை எடுப்பார். ஆறு மாதப் பணத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இருக்காது.

ஆகவே எதிர் யோசனை சொல்லுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்: ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாத வைப்புத்தொகை தருகிறோம், முதல் மாத வாடகையைக் கையெழுத்தின்போதே தருகிறோம், மற்ற மாதங்களுக்கு வங்கியில் நிரந்தர உத்தரவு போட்டுத் தேதி தவறாமல் வரச் செய்கிறோம். மொத்தம் 9,000 வெள்ளி, தலைக்கு 3,000. கூடவே மாணவர் அட்டையின் நகல், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், இந்தப் பருவக் கட்டணம் கட்டிய ரசீது, கல்விக் கடன் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்புங்கள். மூன்று பேரின் பெற்றோரும் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும்: என் மகளின் வாடகைப் பங்கை நான் அனுப்புகிறேன், இது என் தொலைபேசி எண் என்று. அந்தக் கடிதத்தை வைத்து இங்கே வழக்கு நடத்துவது சுலபமல்ல என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். இருந்தாலும் பேச ஒரு பெரியவர் இருக்கிறார் என்ற தைரியம் பலருக்குப் போதும். தயங்கிய வீட்டுக்காரர், அப்பாவோடு ஒரு வீடியோ அழைப்பில் பேசிய பிறகு சாவியைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் அவர் இறங்கி வரவில்லை, ஆனால் வீடு உண்மையிலேயே நல்ல வீடு என்றால் மூன்று மாத வாடகையை முன்கூட்டியே தருவதுவரை போகலாம். அதைத் தாண்ட வேண்டாம். அப்படிக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: மாணவர் அட்டை ரத்தானாலோ கழகம் வாடகை அனுமதியைத் திரும்பப் பெற்றாலோ குடியிருக்காத மாதங்களின் வாடகை திருப்பித் தரப்படும்.

மாமாவிடம் கேட்பதில் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சம் நல்லதுதான், அவர் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தை வைக்கிறோம் என்று யோசிக்க வைக்கிறது. ஜாமீன் போடுபவர் நீங்கள் கட்டத் தவறும் பணத்துக்குத் தன் பணத்தால் பொறுப்பேற்கிறார். சிங்கப்பூர்ச் சட்டப்படி அது எழுத்தில் இருந்து, அவர் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். வாய்வார்த்தையாக “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால் அது ஜாமீன் ஆகாது. கடைசி வழியாக அவரிடம் போவதென்றால் எல்லை கட்டிய ஜாமீனாகக் கேளுங்கள். ஒரு தொகைக்கு மேல் போகாது, மூன்று மாத வாடகை, அதாவது 9,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஓராண்டுக்கு மட்டும், ஒப்பந்தம் புதுப்பித்தால் தானாகத் தொடராது. வாடகைப் பாக்கிக்கு மட்டும், சுவரில் கீறல் விழுந்ததற்கெல்லாம் இல்லை. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத தாளில் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். எல்லை இல்லாத ஜாமீன் கேட்கும் வீட்டுக்காரரைவிட மாமாவின் நட்பு உங்கள் குடும்பத்துக்கு முக்கியம்.

18 நிறையாத தோழியின் விஷயத்தில் வீட்டுக்காரரின் தயக்கத்துக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2009 மார்ச் 1 முதல் இங்கே 18 வயதானவர் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தானே செய்துகொள்ளலாம், மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமும் அதில் அடங்கும். எனவே நீங்களும் இன்னொரு தோழியும் போடும் கையெழுத்து முழுமையாகச் செல்லும். “21 ஆகவில்லையே” என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. 17 வயதுக்காரரின் கையெழுத்து அப்படியல்ல, அதை வைத்து அவரிடம் வாடகை கேட்டு நிற்பது வீட்டுக்காரருக்குக் கடினம். நீங்கள் இருவரும் வாடகைதாரர்களாகக் கையெழுத்திடுங்கள், அவர் பெயரைக் குடியிருப்பவராகக் கழகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 18 நிறைந்ததும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அவருடைய பங்குக்கும் சட்டப்படி நீங்கள் இருவர்தான் பொறுப்பு.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட நான் சொல்ல விரும்பும் விஷயம் இங்கேதான் வருகிறது. ஜாமீன்தாரர் இல்லை இல்லை என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பலர் சேர்ந்து எடுக்கும் வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: வாடகைதாரர்கள் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு. இதற்கு அர்த்தம், ஆளுக்கு 1,000 வெள்ளி என்பது உங்களுக்குள் இருக்கும் கணக்கு மட்டுமே. வீட்டுக்காரருக்கு உங்களில் யாரிடமும் முழு 3,000 வெள்ளியையும் கேட்க உரிமை உண்டு. ஒருத்தி இரண்டாம் பருவத்தில் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் மிச்சம் இருப்பவர்கள் அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதாவது கையெழுத்திடும் அந்த நிமிடமே நீங்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் ஆகிவிடுகிறீர்கள், அதுவும் எல்லை கட்டாத ஜாமீன். மாமாவிடம் கேட்கத் தயங்கிய அதே விஷயத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தோழியிடமிருந்து வாங்கிக்கொள்கிறீர்கள்.

இதை நினைத்துப் பயந்து ஒதுங்க வேண்டாம். ஆனால் மூன்று பேரும் ஒரு மாலை உட்கார்ந்து, பேசச் சங்கடமான கேள்விகளை முதலிலேயே பேசிவிடுங்கள். யாருக்காவது பாடம் தேறாமல் மாணவர் அட்டை நீட்டிக்கப்படவில்லை என்றால்? வீட்டில் திடீரென்று கல்யாணப் பேச்சு வந்தால்? அப்பாவின் தொழில் நொடித்து மூன்று மாதம் பணம் வராவிட்டால்? நடுவில் போகிறவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், மாற்று ஆள் கிடைக்கும்வரை அவர் பங்கை யார் கட்டுவது, வைப்புத்தொகையில் அவர் போட்ட பணம் எப்போது அவர் கைக்கு வரும்? எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, பெற்றோர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாற்று ஆள் வந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் கழகத்தில் பெயர் மாற்றமும் வேண்டும், சும்மா பெட்டியோடு வந்து தங்கிவிட முடியாது. வாடகை வீட்டால் முறிந்த நட்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கெட்ட மனசு என்று எதையும் சொல்ல முடியாது, முன்னால் பேசாததுதான் இருந்தது.

பணம் கை மாறுவதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழு வீவக வீட்டை வாடகைக்கு விடச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கே அனுமதி, அதுவும் உரிமையாளர் தானே அந்த வீட்டில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த பிறகு. நிரந்தரவாசி உரிமையாளர் முழு வீட்டையும் விட முடியாது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை விடுவதில் புளோக்குக்கு 11 விழுக்காடு, வட்டாரத்துக்கு 8 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களுக்கு அனுமதி கிடைக்காது. அதனால் அவரை இன்றே இணையத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் மாணவர் அட்டைக்குக் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், மூவரும் தேதியைப் பாருங்கள். கழகத்தின் அனுமதி ஒப்பந்தக் காலம் தொடங்குவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், அதில் மூன்று பேரின் பெயரும் இருக்க வேண்டும். வீட்டை எடுக்க விரும்புகிறோம் என்று ஒப்பந்தத்துக்கு முன் எழுதித் தரும் ‘விருப்பக் கடிதத்தோடு’ முன்பணம் கேட்டால், அனுமதி கிடைக்காவிட்டால் அந்தப் பணம் முழுதாகத் திரும்பும் என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அந்த ஏஜெண்டின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிஇஏ எனப்படும் சொத்து முகவை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் எண்ணை நீங்களே அழைத்துப் பேசுங்கள், ஏனென்றால் உண்மையான ஏஜெண்டின் பெயரையும் படத்தையும் திருடி மோசடி செய்பவர்கள் இருக்கிறார்கள். வீவக வீட்டு வாடகை, வைப்புத்தொகை எதையும் ஏஜெண்ட் தன் கையில் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. “எனக்கு பேநவ் பண்ணுங்கள், நான் ஓனரிடம் கொடுக்கிறேன்” என்ற ஒரு வார்த்தை வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். பணம் உரிமையாளர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். வீட்டை நேரில் பார்க்கும்போது, சிங்பாஸ் எனப்படும் மின்னிலக்க அடையாளம் மூலம் கழகத்தின் இணையப் பக்கத்தில் நுழைந்து அந்த வீடு தன் பெயரில் இருப்பதைக் காட்டும்படி உரிமையாளரிடம் பணிவாகக் கேட்கலாம். உங்கள் அடையாளத்தை அவர் சரிபார்க்க வேண்டும் என்று குடிநுழைவுச் சட்டம் சொல்கிறது, அவர் உங்கள் கடப்பிதழையும் மாணவர் அட்டையையும் நேரில் பார்ப்பார். நீங்கள் அவருடையதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

முத்திரைத் தீர்வையை மறக்காதீர்கள். அதை வாடகைதாரர்தான் கட்டுவது வழக்கம். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்கள் 36,000 வெள்ளிக்கு 144 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்ட வேண்டும். “இது எதற்கு வீண் செலவு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. குடிபுகும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்புங்கள், வைப்புத்தொகை முழுசாகத் திரும்புவதற்கு அது பெரிய உதவி.

இந்த வீடு அமையாவிட்டால் அறை வாடகையைப் பாருங்கள். உரிமையாளர் உடன் இருக்கும் வீட்டில் அறை எடுத்தால் மேலே சொன்ன உச்சவரம்பு கிடையாது, ஜாமீன் கேட்பவர்களும் குறைவு. மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாமல் போகலாம், அது ஒரு குறைதான். வீவக வீட்டில் அறையோ முழு வீடோ குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுக்க வேண்டும். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டில் மூன்று மாதம் போதும், வாடகை கூடுதலாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம். வீவக வீட்டில் “நான்தான் மெயின் டெனண்ட், அறையை நான் தருகிறேன்” என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அந்த உரிமை இல்லை, நீங்கள் கொடுக்கும் பணத்துக்கும் பாதுகாப்பில்லை. விளம்பரத்தில் தமிழில் பேசினார், நம்ம ஊர்க்காரர் என்பதெல்லாம் இந்த விஷயத்தில் உத்தரவாதம் ஆகாது.

வீட்டுக்காரருக்கு இந்த வாரமே எழுதி, பதில் சொல்ல ஒரு தேதியும் கேளுங்கள், ஏனென்றால் கழகத்தின் அனுமதிக்கும் நாள் வேண்டும். விடுதி அலுவலகத்திடம் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள், அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்க அது உதவும். சிஇஏ வெளியிட்டிருக்கும் மாதிரி வாடகை ஒப்பந்தத்தைப் பதிவிறக்கி, வீட்டுக்காரர் தரும் வரைவோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். புரியாத பகுதி இருந்தால் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன் படித்துச் சொல்கிறேன்.